ஆர் எங்கடை ஆள் என்று கேட்பார்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சிக்கும் தம்பிக்கும்,

நான் ஓய்வு பெறுகிறேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு இருபத்தாறு வயது. ஆனால் இந்த வீடியோ நிலையத்தில் எனக்கு முன்னால் இந்த வேலையை ஒருவரும் செய்ததில்லை. ஆகவே இதிலிருந்து ஓய்வு பெறும் முதல் ஆளும் நான்தான். ஆசிரிய கலாசாலையில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போகிறேன்.

டெக்கின் தலையை எதனால் துடைப்பது, கசற் உள்ளே சிக்கினால் எப்படி எடுப்பது, மின்சாரம் மங்கி வரும்போது ரீவியை எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் முதலாளி அண்ணை சொல்லித்தருவார். சொல்லித்தர மறந்தால் ஏசித்தருவார். எப்படியும் படித்துக்கொள்வீர்கள். நான் எழுதுவது ரீவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இருந்து ஆங்கிலப் படத்தைத் தமிழில் சொல்லும் வேலையைப் பற்றி. அதை அண்ணைக்கு ஏசித்தரவும் தெரியாது.

என் அப்பா சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை சுமப்பவர். அம்மாவுக்குக் கையெழுத்து வராது, பெருவிரல்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். என் ஆங்கிலம் நல்லது. இதை அடக்கமாகச் சொல்ல முயன்று பார்த்தேன், வரவில்லை. அண்ணை என்னை வேலைக்கு எடுத்தது கசற்களுக்குப் பெயர் எழுதி ஒட்டத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாயில் இருந்தவர்கள் என்ன சொல்லுறான், என்ன சொல்லுறான் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதவடியில் நின்று சொன்னேன். அடுத்த ஞாயிறு ரீவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு ‘தமிழில் கதை சொல்லப்படும்’ என்று வாசல் படலையில் பலகை தொங்கியது. பலகையில் எழுதியதும் நான்தான்.

நீங்கள் முதலில் அறிய வேண்டியது இது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் ஒருவர் கேட்பார்:

“பிள்ளை, இதிலை ஆர் எங்கடை ஆள்?”

இதற்கு மறுமொழி கிடைக்கும்வரை மண்டபம் படம் பார்க்காது. வெள்ளைக்கார முகங்கள் எங்கள் ஆட்களுக்கு ஒரே மாதிரி. பெயர்கள் காதில் நிற்காது. அதனால் தாடிக்காரன், தொப்பிக்காரன், நெட்டையன் என்று நாங்கள் பெயர் வைப்போம். பிறகு அதில் ஒருவனை எங்கடை ஆள் என்று அறிவிப்போம். அறிவித்ததும் எல்லோரும் காலை நீட்டி வசதியாக இருந்துகொள்வார்கள். நீதிமன்றப் படம் ஒன்றில் யாரையும் பிடிக்க முடியாமல் நீதவானை எங்கடை ஆளாக்கினேன். இன்னொரு படத்தில் ஒரு நாயை ஆக்கினேன். யாரும் குறை சொல்லவில்லை. நாய் நன்றாகத்தான் நடித்தது.

இரண்டாவது, உங்களுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பது. ஒரு படத்தில் எங்கடை ஆள் கடைசியில் செத்துப்போனான். மண்டபம் அப்படியே இருந்துவிட்டது. முன் மர வாங்கில் எப்போதும் இருக்கும் கந்தையா அம்மான் என்னைப் பார்த்து, செத்திட்டானோ என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு மனம் வரவில்லை. மயக்கம், பிறகு ஆஸ்பத்திரியில் சுகமாகிவிட்டான் என்று சொன்னேன். திரையில் அந்த நேரம் ஒரு கல்லறையும் அதற்கு மேல் சிலுவையும் தெரிந்தன. அது ஆரின்ரை என்று அம்மான் கேட்டார். அது வேறை ஆள் என்றேன். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

ரீவி சொல்வதை ஆட்கள் நம்புவதில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கிற வாய் சொல்வதைத்தான் நம்புகிறார்கள். அன்று எனக்கு இது பெருமையாக இருந்தது. நீங்களும் முதலில் பெருமைப்படுவீர்கள்.

இனி, பெட்டிப் படத்தின் கதை. அதைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு பேரை அறிமுகப்படுத்த வேண்டும்.

ஒருவர் மாலினி அக்கா. படலையடியில் வறுத்த கச்சான் கடலை விற்பவர். நீங்கள் அவரிடம் ஏற்கெனவே கச்சான் வாங்கியிருப்பீர்கள். அவருடைய புருசன் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், பிறந்தவர், காலியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்து, அகதிக் கப்பலில் மனைவியோடும் ஒரு கைக்குழந்தையோடும் வந்து இறங்கினார். இப்போது ஒழுங்கை முகப்பில் சைக்கிள் திருத்துகிறார். மாலினி அக்காவைக் கொழும்பு ஆள் என்று அறிமுகப்படுத்தினார். மாலினி என்ற பெயர் இரண்டு பக்கத்திலும் உண்டு. அவருடைய தமிழ் அப்படியும் இப்படியுமாக இருக்கும். கோயில் ஐயரையும் நீ என்றுதான் சொல்வார். தமிழ் போதாத இடத்தில் சிரிப்பார். கொழும்பு ஆட்கள் அப்படித்தான் என்று ஒழுங்கை சொல்லிக்கொண்டது. அவர் சிங்களப் பெண் என்பது ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதை ஒருவரும் வாயால் சொன்னதில்லை. அப்படி ஒரு ஏற்பாடு. கூட்டம் கூடி எடுத்த முடிவல்ல. அது தானாக வந்தது, தானாக நின்றது. அந்த ஏற்பாடு இருக்கும்வரை அந்தக் குடும்பத்துக்கு இருக்க ஒரு இடம் இருந்தது. காலிக்குத் திரும்பினால் புருசனுக்கு இடமில்லை. இங்கே மாலினி அக்காவுக்கு இடமில்லை என்றால், இரண்டு பேரும் சேர்ந்து இருப்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரு ஊர் இல்லை.

மற்றவர் தவம் அண்ணை. லொறி ஓட்டுபவர். சந்தையிலிருந்து வெங்காயம் ஏற்றிச் செல்வார். அவருடைய தம்பி தோட்டத்தில் நின்றபோது ஆமி அடித்த ஷெல் விழுந்து செத்துப்போனான். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, தவம் அண்ணை படம் பார்க்க வந்தார். தாடி வழிக்கவில்லை. யாரும் அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. ஒதுக்கவில்லை, இடம் விட்டார்கள்.

அன்றைய கசற் லண்டனிலிருந்து முதலாளி அண்ணையின் மச்சான் அனுப்பியது. அங்கே ரீவியில் போன ஒரு தொடரிலிருந்து ஒரு கதையைப் பதிந்திருந்தார், இடையில் வரும் சவர்க்கார விளம்பரங்களோடு சேர்த்து. விண்வெளிக் கதை. வழக்கமாகச் சனிக்கிழமை நான் தனியே இருந்து படத்தைப் பார்த்துவிடுவேன். அந்தச் சனிக்கிழமை மின்சாரம் இல்லை. ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் மண்டபம் நிறைந்துவிட்டது. ஆறு மணிக்குப் பிறகு யாரும் வெளியில் நிற்கமாட்டார்கள் என்பதால் படத்தைப் பிந்திப் போடவும் முடியாது. பார்க்காத படத்தைச் சொல்லமாட்டேன் என்று அண்ணையிடம் சொன்னேன்.

“உனக்கு விளங்காத இங்கிலீசோ?” என்றார் அவர்.

என்னை எங்கே தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். உங்களையும் அப்படித் தட்டுவார். எடுபட்டுப் போகாதீர்கள். நான் போனேன்.

கதை இப்படித் தொடங்கியது. விண்வெளிக் கப்பல் ஒன்று பழுதாகி, அதிலிருந்த ஒருவன் முன்பின் தெரியாத ஓர் உலகத்தில் விழுகிறான். எங்கும் புழுதி, தூரத்தில் ஒரு மலை. மண்ணிற உடுப்புப் போட்ட ஒரு குடும்பம் அவனைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்து, காயத்துக்கு மருந்து கட்டுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிற உடுப்புப் போட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டை நடக்கிறது என்று அந்த வீட்டுக்காரன் சொல்கிறான். இவ்வளவும் வந்ததும் கந்தையா அம்மான் கேட்டார், ஆர் எங்கடை ஆள் என்று. நான் யோசிக்கவே இல்லை. விழுந்தவனுக்குத் தண்ணி குடுத்தவை எங்கடை ஆக்கள், மலைக்கு அங்காலை இருக்கிறவை எதிரி என்றேன். மண்டபம் காலை நீட்டியது.

மண்ணிற ஆட்கள் ஒவ்வொருவருடைய கழுத்திலும் தாயத்து மாதிரி ஒரு சின்னப் பெட்டி தொங்கியது. விழுந்தவனுக்கும் ஒன்று கட்டிவிட்டார்கள். பொழுது படும் நேரம் எல்லோரும் வேலையை நிறுத்துவார்கள். பெட்டி பேசத் தொடங்கும். ஒரு பெண்ணின் குரல், தாலாட்டுப் போல மெதுவாக. அது மூன்று விசயம் சொல்லும். மலைக்கு அங்காலை இருக்கிறவர்களுக்குத் தாய் இல்லை, அவர்கள் முட்டையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கிணற்றில் நஞ்சு போடுவார்கள். அவர்கள் செத்தவர்களுக்கு அழமாட்டார்கள்.

முதல் நாள் விழுந்தவன் சிரித்தான். எங்கள் மண்டபமும் சிரித்தது. இரண்டாம் முறை பெட்டி பேசியபோது அவன் சிரிக்கவில்லை. மூன்றாம் முறை அவனும் சேர்ந்து சொன்னான். எங்கள் மண்டபத்திலும் பின்னால் இருந்து சிலர் சேர்ந்து சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒரு தொழில் விசயம். மண்டபம் உங்களோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினால், அதைப்போல் இனிப்பானது வேறொன்றும் இல்லை. பெட்டி மூன்று சொன்னது. நான் ஆறு சொன்னேன். சின்னப் பிள்ளையளையும் விடமாட்டாங்கள் என்று ஒன்று. நித்திரையிலும் துவக்கை விடமாட்டாங்கள் என்று ஒன்று. கடைசியாக, சிரிச்சுக்கொண்டு வந்தா இன்னும் கூடப் பயப்பட வேணும் என்று ஒன்று. இது நன்றாக எடுபட்டது. குரலையும் அந்தப் பெட்டிப் பெண்ணின் குரல் மாதிரியே மெதுவாக்கினேன். தவம் அண்ணை முன்னுக்குச் சரிந்து, முழங்காலில் கையூன்றி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரீவியைப் பார்க்கவில்லை.

விழுந்தவன் கையில் துவக்கு எடுத்தான். அதோடு சவர்க்கார விளம்பரம் வந்தது. அதையும் நான் சொன்னேன், சொல்லாவிட்டால் பெண்கள் கோபிப்பார்கள். பிறகு டெக் சூடு ஆறுவதற்கு அண்ணை படத்தை நிறுத்தினார். இந்த நேரத்தில்தான் மாலினி அக்கா கூடையோடு உள்ளே வருவார். கச்சானை விற்றுவிட்டு வெளியே போய்விடுவார், படம் பார்ப்பதில்லை.

வந்தார். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு வந்தார்.

பின்னாலிருந்து யாரோ என் குரலில், “சிரிச்சுக்கொண்டு வந்தா…” என்று இழுத்தார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது. சிரிப்பு பாதியில் நின்றது. அத்தோடு போயிருக்கும். மாலினி அக்காவுக்குப் பகிடி விளங்கவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தபடி வாங்கு வாங்காகக் கச்சான் சரை கொடுத்துக்கொண்டு வந்து, தவம் அண்ணைக்கு முன்னால் நின்றார். கடதாசிச் சரை ஒன்றை நீட்டினார்.

தவம் அண்ணை அதை வாங்கவில்லை.

“மாலினியக்கா,” என்றார். சத்தம் போடவில்லை, மரியாதை குறைக்கவும் இல்லை. “உங்கடை ஆக்கள் செத்தவைக்கு அழுறவையோ?”

ஒழுங்கையில் இவ்வளவு காலமும் ஒருவரும் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார். இப்போது மாலினி அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால், அது படலையோடு நிற்காது. அவர் வீட்டுக்குப் போவார், புருசனிடம் சொல்வார், அந்த வீடு இந்தக் கிழமைக்குள் பூட்டப்படும். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். சிலர் அப்படி நடந்தால் நல்லது என்று நினைத்திருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. அந்த நேரம் முகங்களைப் பார்க்கும் துணிவு எனக்கில்லை.

மாலினி அக்கா சிரிப்பதை நிறுத்தினார். அவர் சிரிக்காமல் இருந்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். நீட்டிய சரையைத் திரும்பக் கூடைக்குள் வைத்தார். பிறகு சுவரோரமாகப் போய், கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பாயில் இருந்தார்.

அண்ணை உடனே படத்தைப் போட்டார். டெக் ஆறவே இல்லை. வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மீதிக் கதை எங்கே போகும் என்றும் தெரியாது. எங்கடை ஆள் அந்தப் பக்கத்தவர்களைக் கொன்று குவித்து வெற்றியோடு வருவான் என்றுதான் நினைத்தேன். அப்படி வந்தால் மண்டபம் எழும்பிக் கைதட்டும். மாலினி அக்கா சுவரோரத்தில் இருப்பார்.

விழுந்தவன் மலை ஏறினான். நான் சொன்னேன். அந்தப் பக்கம் இறங்கினான். நான் சொன்னேன். சுனையொன்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த சாம்பல் உடுப்புக்காரன் ஒருவனைப் பிடித்து, கையைக் கட்டி, ஒரு பாறைக்குக் கீழே இருத்தினான். பெரிய ஆள் இல்லை, வயதானவன். விழுந்தவன் துவக்கை நெற்றியில் வைத்தான். மண்டபத்தில் யாரோ சுடு என்றார்கள். அந்த நேரம் படத்தில் பொழுது பட்டது. கிழவனுடைய கழுத்துப் பட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. விழுந்தவன் பட்டியை இழுத்துப் பார்த்தான். அதே பெட்டி. அதே பெண் குரல். அதே தாலாட்டு. மலைக்கு அங்காலை இருக்கிறவர்களுக்குத் தாய் இல்லை, அவர்கள் முட்டையிலிருந்து வந்தவர்கள், அவர்கள் கிணற்றில் நஞ்சு போடுவார்கள், அவர்கள் செத்தவர்களுக்கு அழமாட்டார்கள். இந்த முறை மலைக்கு அங்காலை என்றால் மண்ணிற ஆட்கள். அதாவது, நான் எங்கடை ஆக்கள் என்று அறிவித்தவர்கள்.

இதெல்லாம் ஆங்கிலத்தில். மண்டபத்துக்கு இன்னும் தெரியாது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணைக்குக் கொஞ்சம் ஆங்கிலம் விளங்கும். டெக்குக்குப் பின்னாலிருந்து கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மாத்து, மாத்து. மயக்கம் மாதிரி ஏதும் சொல்லு. சொல்லியிருக்கலாம். கிழவன் எங்கடை ஆளின்ரை பெட்டியைக் களவெடுத்திட்டான் என்று சொன்னால் போதும், மண்டபம் நம்பும். அதற்கு எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது.

அந்த ஒரு மூச்சில் நான் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. நீதி நியாயம் ஒன்றும் வரவில்லை. பெட்டி சொன்னதைச் சொல்ல வேண்டும், அது முதல் சொன்னதைத்தான் சொல்கிறது என்பது மட்டும்தான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. இந்தப் பெட்டியும் மூன்றுதான் சொன்னது. நான் முதலில் ஆறு சொல்லிவிட்டேன். இப்போது மூன்றை மட்டும் சொன்னால், இரண்டு பெட்டியும் ஒன்றல்ல என்று ஆகிவிடும். எதிரியின் பெட்டி எங்கள் பெட்டியைவிட நல்லது என்றும் ஆகிவிடும். எனவே ஆறையும் சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றாமல், அதே மெதுவான குரலில்.

“மலைக்கு அங்காலை இருக்கிறவைக்குத் தாய் இல்லை, முட்டையிலையிருந்து வந்தவங்கள். அவங்கள் கிணத்திலை நஞ்சு போடுவாங்கள். செத்தவைக்கு அழமாட்டாங்கள். சின்னப் பிள்ளையளையும் விடமாட்டாங்கள். நித்திரையிலையும் துவக்கை விடமாட்டாங்கள். சிரிச்சுக்கொண்டு வந்தா இன்னும் கூடப் பயப்பட வேணும்.”

பின்னால் சேர்ந்து சொல்லத் தொடங்கியவர்கள் இரண்டாவது வரியில் நின்றுவிட்டார்கள்.

கந்தையா அம்மான் எழும்பினார். “உது எங்கடை பெட்டி சொன்னதெல்லே?”

“ஓம், அம்மான்.”

“உவன்ரை பெட்டி எப்பிடி எங்களைப் பற்றி உப்பிடிச் சொல்லும்?”

“சொல்லுது, அம்மான்.”

அவர் ரீவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப ஆர் எங்கடை ஆள்?”

“தெரியேல்லை. நான் முதல் சொன்னது பிழை.”

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பிள்ளைக்கு இந்த இங்கிலீசு விளங்கேல்லைப் போலை என்று ஒரு பெண் இரக்கத்தோடு சொன்னது தெளிவாகக் கேட்டது. என் வாழ்க்கையில் ஒருவர் என் ஆங்கிலத்துக்காக இரங்கியது அந்த ஒரு முறைதான். எனக்கு விளங்கியது என்று திருப்பிச் சொல்ல வாய் உன்னியது. படம் ஓடிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

முடிவு இதுதான். விழுந்தவன் கிழவனைச் சுடவில்லை, அவிழ்த்தும் விடவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தான். அதற்குள் அவனைத் தேடி அவனுடைய கப்பல் வந்துவிட்டது. கூட்டாளிகள் அவன் கழுத்திலிருந்த பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். கப்பலில் சாப்பாடு, கட்டில் எல்லாம் இருந்தன. பொழுது படும் நேரம் வந்தது. விண்வெளியில் ஏது பொழுது, அவன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டி இல்லாமலே அவனுடைய உதடு அசைந்தது. படம் முடிந்தது. பிறகு மறுபடியும் சவர்க்காரம். இந்த முறை நான் அதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வெளியே வந்தபோது ஐந்தரை இருக்கும். ஆட்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிடச் சத்தமில்லாமல் போனார்கள். மாலினி அக்கா தன் இடத்தில், படலையடியில் நின்றார். தவம் அண்ணை அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் பலகையைக் கழற்றும் சாட்டில் பக்கத்தில் நின்றேன்.

அவர் கிட்ட வந்ததும் மாலினி அக்கா, அந்தக் கேள்வியை அவர் அப்போதுதான் கேட்டது போல, மறுமொழி சொன்னார்.

“நான் வந்தது. தம்பி செத்த அண்டைக்கு. உன்ரை வீட்டுப் படலைக்கு வெளியிலை நிண்டது. அழுதது. உள்ளுக்கு வரேல்லை. வந்தா சனம் கதைக்கும்.”

தவம் அண்ணை சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். முந்திச் செல்ல யாருக்கும் விருப்பமில்லை.

“உள்ளுக்கு வந்திருக்கலாம்,” என்றார்.

மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளில் ஏறப் போனவர் என் பக்கம் திரும்பி, “படம் சரியில்லை, பிள்ளை. ஒருத்தரும் வெல்லேல்லை,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீடு பூட்டப்படவில்லை. அடுத்த நாள் காலையில் ஒழுங்கை முகப்பில் சைக்கிள் கடை திறந்திருந்தது. பழைய ஏற்பாடு திரும்பி வந்ததா என்று கேட்டால், இல்லை. ஒருமுறை சொன்னதைச் சொல்லாததாக்க முடியாது. மாலினி அக்கா சிங்களம் என்று இப்போது ஒழுங்கையில் வாய்விட்டே சொல்கிறார்கள். சொல்லிவிட்டு அவரிடமே கச்சான் வாங்குகிறார்கள். சில வீடுகள் வாங்குவதில்லை. அந்த வீடுகள் எவை என்று அவருக்குத் தெரியும், அவற்றின் முன்னால் அவர் நிற்பதில்லை.

ஆனால் நீங்கள் இதிலிருந்து, உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகும் என்று எடுத்துக்கொண்டு விடாதீர்கள். சில நாட்களுக்குப் பிறகு ஒழுங்கையால் நடந்து வந்தேன். சின்னப்பிள்ளைகள் நெருப்புப் பெட்டியில் நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு விளையாடினார்கள். இரண்டு கன்னை, எதிரெதிர் அணியாக. நடுவில் ஒரு மண் கும்பி, அதுதான் மலை. ஒரு கன்னையில் மாலினி அக்காவின் மகளும் நின்றாள். அவளுக்கும் பெட்டி இருந்தது. பெட்டி பேசும் நேரம் வந்ததும் இரண்டு கன்னையும் ஒரே குரலில் சொன்னார்கள். முட்டையை மறந்துவிட்டார்கள். கிணற்றையும் மறந்துவிட்டார்கள். சிரிச்சுக்கொண்டு வந்தா இன்னும் கூடப் பயப்பட வேணும் என்பதை ஒருவரும் மறக்கவில்லை. அது படத்தில் இல்லை. லண்டனில் இருந்தும் வரவில்லை. நீங்கள் சேர்க்கிற வரி, படத்தில் உள்ள வரியைவிட அதிக காலம் உழைக்கும். சேர்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், உங்களால் முடியாது.

அன்றிலிருந்து ஆர் எங்கடை ஆள் என்று கேட்டால் நான் சொல்வதில்லை. முதலில் மண்டபம் முறைத்தது. அண்ணை, சனம் குறையப் போகுது என்றார். குறையவில்லை, வேறு எங்கே போவார்கள். பிறகு ஒரு ஞாயிறு கந்தையா அம்மான் வழக்கம்போல எழும்பிக் கேட்டபோது, நான் வாய் திறப்பதற்கு முன்னால் தவம் அண்ணை, திரும்பிப் பார்க்காமலே, “முடியட்டும், பாப்பம்,” என்றார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவர்தான் அதைச் சொல்கிறார். நாளைக்கு உங்களுக்கும் சொல்வார். நீங்கள் பேசாமல் இருந்தால் போதும்.

அவர் மனம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அன்றிலிருந்து அவர் எந்தப் படத்தையும் முடியும்வரை பார்ப்பதில்லை. கடைசிக் கட்டம் வந்ததும் எழும்பி, லொறிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுவார். முடிவுகள் அவருக்குப் பிடிப்பதில்லை. மாலினி அக்கா இப்போது சுவரோரத்தில் இருந்து முழுப் படமும் பார்க்கிறார். திங்கட்கிழமை காலையில் லொறிக்குப் போகும் வழியில், தவம் அண்ணை சைக்கிள் கடைக்கு முன்னால் ஒரு காலை ஊன்றி நின்று, கடைசியிலை என்ன நடந்தது என்று மாலினி அக்காவிடம் கேட்பார். அவர் தன் தமிழில் சொல்வார். ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் சொன்ன முடிவும் நான் சொன்ன முடிவும் ஒன்றல்ல. நான் திருத்தவில்லை.